கண்வலிப்பூவின் சுருள்

எங்கள் வீட்டில் நான் பயப்படாத பொருள் என்று ஒன்று கிடையாது. காஸ் சிலிண்டரை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் வாசலைத் தாண்டமாட்டேன். விடிந்தும் விடியாமலும் போன் அடித்தால், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டுதான் எடுப்பேன். ஒருமுறை சேலத்துக்கு ரயிலேறி, அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பொம்மிடியிலேயே இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் தெரு. “உன்னக் கட்டுனதுக்கு ஒரு சைரன வாங்கி மாட்டியிருந்தா, அதுக்கு சுவிட்ச்சாவது இருந்திருக்கும்” என்பார். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் சிலிண்டரை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

நான் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மிச்ச நாளில் பயப்பட நேரம் தாராளமாக இருந்தது. அதற்காகத்தான் பூ வரைய ஆரம்பித்தேன். கடையில் முழம் போட்டு விற்கிற பூ இல்லை. யாரும் நடாமல் முளைத்து, யாரும் பறிக்காமல் உதிர்கிற பூ. ஏரிக்கரையில் ஆவாரை, தண்டவாளத்து ஜல்லிக்குள் நெருஞ்சி, கொல்லைமேட்டில் தும்பை, மழை பெய்த மறுவாரம் தரையோடு தரையாக நீலமாய்க் கிடக்கிற விஷ்ணுகிராந்தி. ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு பாட்டில் தண்ணீர், வாட்டர் கலர் டப்பா, கலர் குழைக்க ஒரு எவர்சில்வர் மூடி. உட்கார்ந்துவிட்டால் இரண்டு மணிநேரம் போவது தெரியாது. நிமிர்ந்து பார்க்கும்போதுதான், இவ்வளவு நேரம் எதற்கும் பயப்படாமல் இருந்திருக்கிறோமே என்று நினைவு வரும். உடனே அதற்கும் ஒரு பயம் வரும். ஆனாலும் அந்த இரண்டு மணிநேரம் எனக்குச் சொந்தமாக இருந்தது.

வாட்டர் கலரில் வெள்ளைப் பூவை வரைய முடியாது. வெள்ளைக்குக் கலர் கிடையாது, பேப்பர்தான் வெள்ளை. தும்பையை வரைய வேண்டுமென்றால் சுற்றியுள்ள இலையையும் நிழலையும் மட்டும் தீட்டி, பூ இருக்கிற இடத்தை விட்டுவிட வேண்டும். என் தும்பைப் படத்தைப் பார்த்து எல்லாரும் பூவைத்தான் மெச்சினார்கள். அந்த இடத்தில் என் கையே படவில்லை. வரையாமல் விட்டதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படங்களுக்குச் சக்தி வந்தது தர்மபுரியில். அங்கே பியூட்டி பார்லர் வைத்திருக்கிற ஒரு அம்மா, மாடியில் ‘ஹீலிங்’ வகுப்பும் நடத்துகிறார். வகுப்பு அறையில் மாட்ட என்னிடம் ஐந்து படம் கேட்டார். மாட்டிய ஒரு மாதத்தில், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு எனர்ஜி இருக்கிறது, அந்தந்த மண்ணின் பூ அந்தந்த மண்ணின் மனுஷருக்கு மருந்து, படத்தில் இருந்தாலும் அது வேலை செய்யும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆவாரை சர்க்கரைக்கு, தும்பை தலைவலிக்கு, விஷ்ணுகிராந்தி பயத்துக்கு. படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை மூன்று நாள் வைத்திருந்து குடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி என்னையும் சேர்த்தார். விஷ்ணுகிராந்தியை நான்கு தடவை வரைந்தும் பொம்மிடியில் இறங்கியவள் நான். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது மழுப்பிப் பிரயோஜனமில்லை. எனக்குப் பிடித்திருந்தது. ‘மேடம், உங்க ஆவாரம்பூ வந்த பின்னாடி சுகர் இறங்கிடுச்சு’ என்று யாரோ ஒருவர் எழுதி இரண்டு கை கூப்புகிற படம் போட்டால், எனக்கு அன்று முழுக்க நடை மாறிவிடும். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு மாங்காய் வரையச் சொல்லிக்கொடுத்தவளைப் பார்த்து அதுவரை யாரும் கை கூப்பியதில்லை. நானாக எதுவும் சொல்லவில்லையே, பூவுக்குக் கீழே பேரை மட்டும்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி, பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் ரோட்டில் ஒரு ஊரில் தனியாக இருக்கிறார். சின்ன வயதில் அவரைக் கர்நாடகத்தில் இருந்த தாய்மாமன் வீட்டில் விட்டு வளர்த்ததால் படித்தது கன்னடத்தில். கல்யாணத்துக்குப் பிறகு பெங்களூரில் முப்பது வருஷம் கார்மென்ட்ஸ் வேலை. கணவர் இறந்த பிறகு, அவருடைய பங்கு நிலத்தில் ஒரு சின்ன ஆஸ்பெஸ்டாஸ் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரே மகன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான். அண்ணிக்குக் கத்தரிச் செடியைத் தவிர வேறு செடி தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பஸ் போர்டு படிப்பதற்குள் பஸ் போய்விடும். எனக்கு அம்மா இல்லாத குறையை அவர்தான் பார்த்துக்கொண்டார். இரண்டு பிரசவத்துக்கும் பெங்களூரிலிருந்து வந்து நின்றவர் அவர்.

சித்திரையில் அவரைப் பார்க்கப் போனபோது, “எடது பக்கம் தலநோவு கண்ணு. கண்ணு உள்ளயும் குத்துது. லைட்டப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமா தெரியுது” என்றார். கண் டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, தும்பைப் படம் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன். படத்துக்கு முன்னால் மூன்று நாள் தண்ணீர் வைக்கிற கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். பத்து நாள் கழித்துப் போனில் கூப்பிட்டார். “உன் படத்துத் தண்ணி குடிச்சித்தான் தலநோவு கொறஞ்சிருக்குது. ராத்திரி நல்லாத் தூங்கறேன்.” அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிலிண்டரை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவள், இதை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்கூட.

இனி கண்வலிப்பூவுக்கு வருகிறேன். ஆடி மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்து வேலிகளில் ஏறுகிற கொடி. பூவின் இதழ் அடியில் மஞ்சளாகவும் மேலே சிவப்பாகவும் நெளிந்து நிற்கும். இலையின் நுனி மெலிந்து நீண்டு சுருளாகி, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பார்கள். அதனால் அந்தப் பேர். அடியில் இருக்கிற கிழங்குக்குக் கண்வலிக்கிழங்கு என்று பேர். கிழங்கு கொடிய விஷம். ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. நான் அதை வரைந்த நான்கு நாளும் செடியைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்துதான் வரைந்தேன், அப்படியும் வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நான்காம் நாள் கண் சிவந்துவிட்டது. பூ வேலையைக் காட்டிவிட்டது என்று நடுங்கிப்போனேன். “நாலு நாள் வெயில்ல உக்காந்தா கத்திரிக்கா வரைஞ்சாக்கூட கண்ணு செவக்கும்” என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் படம் நன்றாக வந்தது. கிழங்கையும் கீழே சேர்த்து, புத்தகத்தில் இருப்பது போல முழுச் செடியாக வரைந்திருந்தேன். பேர் எழுத ஓரத்தில் இடம் குறைவு. ‘கண்வலிக்’ என்று மேலே ஒரு வரி, ‘கிழங்கு’ என்று கீழே ஒரு வரி. எழுத்தும் செடியிலேயே முளைத்த மாதிரி இருக்கட்டும் என்று, தண்டுக்குக் குழைத்த அதே பச்சையில், அதே பிரஷில் எழுதினேன். என் கெட்டிக்காரத்தனம்.

ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. அண்ணி வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த படங்களை எல்லாம் மூக்கு தொடுகிற தூரத்தில் நின்று பார்த்தார். “எல்லாம் பனி மூடுனாப்ல இருக்குது கண்ணு. இது ஒண்ணுதான் பளிச்சினு தெரியுது” என்று கண்வலிப்பூவைக் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கழற்றித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தேன். எல்லாம் ஏன் பனி மூடியிருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சாமி படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி கூப்பிட்டார். அவர் வீட்டில் சிக்னல் வராது. பின்பக்கம் கிளுவை வேலி மூலைக்குப் போனால்தான் ஒரு கோடு, இரண்டு கோடு வரும். “கண்ணு, நீ எழுதுனாப்லயே கெழங்கு கெடச்சிருச்சி. நம்ம வேலியிலதான் இருந்துருக்குது. படத்துல இருக்கற அதே பூவு. தோண்டி எடுத்தேன். மூணு நாளா…”

அத்தோடு லைன் கட்.

எழுதினாப்ல என்றால்? நான் என்ன எழுதினேன்? எந்தப் படத்தையும் கொடுப்பதற்கு முன்னால் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேரின் முதல் வரிக்கு மேலேயிருந்து ஒரு இலை இறங்கி, அதன் நுனிச் சுருள் ‘க்’குக்குப் பக்கவாட்டில் வந்து, அடியில் வளைந்து நின்றது. க்-கின் மேல் வைத்த புள்ளி, நான் அழகுக்காகத் தெளித்திருந்த மகரந்தப் பொட்டுகளுக்கு நடுவே ஒன்றாகக் கலந்து காணாமல் போயிருந்தது. புள்ளியை எடுத்துவிட்டு அடியில் ஒரு சுருளைப் போட்டால் ‘க்’ என்ன ஆகும்? ‘கு’ ஆகும். பேர் கண்வலிக்கிழங்காக இல்லை. கண்வலிகு கிழங்கு. ஒரு ‘க்’ குறைகிறது, ஆனால் கன்னடத்தில் படித்தவருக்கு அது கண்வலிக்குக் கிழங்குதான்.

தமிழ் சரளமாகப் படிக்கிறவர்கள் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள், கண் தானாகச் சரி பண்ணிக்கொண்டு போய்விடும். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிற என் அண்ணி ஒருத்தர்தான் அங்கே இருந்ததை இருந்தபடி படித்திருக்கிறார். கண்வலி இருக்கிறவர். நான் எழுதினால் அது மருந்துதான் என்று நம்புகிறவர்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மூணு நாளா என்றால் என்ன? மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா? மூன்று நாளாகச் சாப்பிட்டவர் வேலி மூலைவரை நடந்து வந்து பேச முடியுமா? அல்லது கண்ணுக்குள் பிழிந்து விட்டுக்கொண்டிருக்கிறாரா? மூணு நாளா தேடினேன் என்று சொல்ல வந்தாரா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு படத்தைக் காட்டியது, ஒவ்வொரு படமும் முந்தையதைவிட மோசம்.

வீட்டுக்காரர் டூட்டியில் இருந்தார். கூப்பிட்டேன். “அக்கா பெங்களூர்ல முப்பது வருஷம் தனியா பஸ் ஏறி எறங்குனவங்க. எது என்னன்னு தெரியாம வாயில போட்டுக்குவாங்களா? நீ மொதல்ல தண்ணி குடி” என்றார். ஓசூரில் இருக்கிற அண்ணி மகனைக் கூப்பிட்டேன். “அத்தை, அங்க சிக்னல் எப்பவுமே இல்லீங்களே. நீங்க எதையாவது நெனச்சிப் பயந்துக்காதீங்க. சாயந்தரம் நான் பேசிப் பாக்கறேன்.” இத்தனை வருஷமும் இல்லாத நெருப்புக்கெல்லாம் நான் கூப்பாடு போட்டதன் பலன் அது. யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. பஸ் ஏறும்போதுகூட, இதுவும் பொம்மிடி மாதிரிதானோ என்று ஒரு மனசு கேட்டது. ஆனால் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்காமல் நான் வீட்டைப் பூட்டியிருந்தேன். அது தர்மபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது இன்னும் பயந்துபோனேன். அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

பஸ்ஸில் ஹீலிங் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அண்ணிக்கு அவர் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “பூவோட எனர்ஜி யாருக்கும் கெடுதல் செய்யாதுங்க மேடம். நீங்கதான் நெகட்டிவா திங்க் பண்றீங்க. விஷ்ணுகிராந்தி படத்த ஒரு நிமிஷம் பாருங்க” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அண்ணியின் நம்பர் அதில்தான் இருந்தது என்பதால் எறியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆத்திரம் என் பக்கம் திரும்பியது. அவராவது நம்பிச் சொல்கிறார். நான் நம்பாமலே சும்மா இருந்தவள்.

தர்மபுரியில் இறங்கிப் பென்னாகரம் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் வேலியில் அந்தப் பூதான். வேறு எந்த நாளாக இருந்தாலும் டிரைவரைத் திட்டாத குறையாக எட்டி எட்டிப் பார்த்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு சிவப்பும் என்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தினார். “சாப்ட்டாங்களா, கண்ணுல போட்டாங்களா?” என்றார். தெரியாது என்றேன். “எவ்ளோ?” தெரியாது. “எப்போ?” தெரியாது. “எதா இருந்தாலும் பரவால்லைங்க. இங்க ஒண்ணும் வாங்காதீங்க. போய் அவங்கள நேரா ஜி.எச்.க்குக் கூட்டிட்டு வந்துருங்க. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க” என்றார். அன்று காலையிலிருந்து என் பயத்தை மதித்துப் பேசிய முதல் ஆள் அவர். அதனாலேயே யாராவது ஒருத்தர் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஷேர் ஆட்டோ அவர் ஊர் முனையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு முந்நூறு அடி இருக்கும். வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லை. சமையல் கட்டில் சின்ன அம்மிக்கல் கழுவி, ஈரம் காயாமல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எதையோ அரைத்திருக்கிறார். அந்த ஈரத்தைப் பார்த்ததும் பின்வாசல் வழியே ஓடினேன்.

வேப்பமரத்தடியில் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கண்ணையும் மூடி ஈரத்துணி. கை ஒன்று கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணி!”

கை அசைந்தது. “ஆரு? நீயா? ஏ கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?”

என் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். “சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன் கண்ணு” என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “எவ்ளோ?”

“நாலு.”

“நாலா! எப்ப?”

“பன்னெண்டு மணி இருக்கும். ஏன், நீ சாப்டலயா? மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது? மாவு இருக்குது, ஊத்தித் தர்றேன் இரு. சட்னிகூட அரச்சது மிச்சமிருக்குது.”

இட்லி. நாலு இட்லி. யார் வீட்டுக்குப் போனாலும், யார் நம் வீட்டுக்கு வந்தாலும், வாசல்படியிலேயே கேட்கிற கேள்வியைத்தான் நான் கேட்டிருக்கிறேன்; அதற்கு எல்லாரும் சொல்கிற பதிலைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, “கெழங்கு அண்ணி, கெழங்கு! அதத் தின்னீங்களா? கண்ணுல விட்டீங்களா?” என்று கத்தினேன்.

“அதா? இன்னும் மூணு நாள் ஆவலயே” என்றார் அவர், எனக்கு விதிமுறை தெரியாததைக் கண்டு ஆச்சரியப்படுகிற குரலில். “மூணு நாளு படத்துக்கு முன்னாடி தண்ணியில வெக்கணுமில்ல? நாளைக்குக் காலையிலதான். அரச்சிக் கண்ணு மேல பத்துப் போடறதா, இல்ல தண்ணியக் குடிக்கறதான்னு உன்னக் கேக்கத்தான் போன் போட்டேன். கட்டாயிப் போச்சு.”

டி.வி. மேசையில் என் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீருக்குள் கிழங்கு, மண் போகத் தேய்த்துக் கழுவி, சுத்தமாக இருந்தது. அவசரத்தில் அதைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். டம்ளரோடு எடுத்துப்போய்க் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் போட்டு மூடினேன். “நல்ல டம்ளரு, ஒன்ன என்ன பண்ணுச்சு?” என்று பின்னாலேயே வந்து திட்டினார். அப்போதுதான் அது விஷம் என்று சொன்னேன். கிழங்கு தோண்டிய அவர் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

உள்ளே வந்து படத்தைக் கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் எழுத்து எழுத்தாகத் தடவினார். க, ண், வ, லி. சுருள்மேல் விரல் நின்றது. “இது எழுத்தில்லயா?”

“இல்ல அண்ணி. அது இலை.”

“ஹௌதா?” என்றார். கன்னடத்தில் ‘அப்படியா’ என்று அர்த்தம். மனசு உடைகிறபோது அவருக்குக் கன்னடம்தான் வரும். படத்தைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப தும்பை? அந்தத் தண்ணி?” என்றார்.

தும்பை வேறு அண்ணி என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருக்குத் தூக்கம் கொடுத்தது அது. “அது வெறும் தண்ணி அண்ணி” என்றேன்.

மெடிக்கல் ஷாப்காரர் சொன்னபடி விடாமல் ஜி.எச்.க்குக் கூட்டிப்போனேன். கிழங்கால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்ணைப் பார்த்த நர்ஸ், உடனே கண் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை தர்மபுரியில் ஒரு கண் டாக்டர் அண்ணியின் முகத்தை ஒரு மெஷினில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார். “தலவலி, வெளிச்சத்தைச் சுத்தி வளையம், இதெல்லாம் எத்தன நாளா இருக்குதும்மா?”

சித்திரையிலிருந்து என்று நான் சொல்ல வேண்டும். படம் கொடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அண்ணி ஸ்டூலுக்குக் கீழே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு மாசமா இருக்குதுங்க. வெறும் தலநோவுன்னு நான்தாங்க கவனிக்காம வுட்டுட்டேன்” என்றார்.

“அப்பவே வந்திருக்கணும்” என்றார் டாக்டர். “எடது கண்ணுல போன பார்வை போனதுதாம்மா. திரும்பாது. வலது கண்ணக் காப்பாத்திரலாம். சொட்டு மருந்த ஒருநாள்கூட வுடக்கூடாது.”

கிழங்கு கிடந்த டம்ளரைக் கண்டு பயந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் மாறி ஓடினேன். வெறும் தண்ணீர் இருந்த டம்ளர் ஐந்து மாதமாக அந்த மேசைமேல் இருந்தது. அதைக் கண்டு நான் பயப்படவே இல்லை. அண்ணியின் ஒரு கண்ணைக் கொண்டுபோனது அதுதான். வலி கொறஞ்சிருக்குது என்று அவர் சொன்ன அன்றைக்கு நான் பயந்திருக்க வேண்டும். ஊர் சிரிக்கிற அளவுக்குப் பயந்து, அடுத்த பஸ்ஸிலேயே போயிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் பயப்பட வேண்டிய ஒரே ஒரு நாளில் நான் சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

குரூப்பில் எழுதினேன்: என் படங்களுக்கு எந்தச் சக்தியும் இல்லை, உடம்புக்கு என்றால் டாக்டரைப் பாருங்கள். யாரோ ஒருவர் இரண்டு கை கூப்பினார். சாயந்தரத்துக்குள் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தும்பைப் படத்தை அண்ணி வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன். கண்வலிப்பூவை எடுக்க அவர் விடவில்லை. “இது ஒண்ணுதான் கண்ணு தெரியுது. இருந்துட்டுப் போவட்டும்” என்றார். ஈரப் பிரஷால் பேரை மட்டும் கரைத்து எடுத்தேன். கரைக்கப் போனால் எழுத்து எது, சுருள் எது என்று எனக்கே பிரிக்க வரவில்லை. இரண்டும் சேர்ந்துதான் போயின.

இப்போதும் வரைகிறேன். ஆனால் அந்த இரண்டு மணிநேரம் எனக்குத் திரும்பி வரவில்லை. பயமும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பேரைத் தனிப் பேப்பரில், பேனாவால், கறுப்பில் எழுதுகிறேன். தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணி வேலி மூலைக்கு வந்து நிற்பார், நான் கூப்பிடுவேன். சாப்ட்டீங்களா என்று கேட்பதில்லை. மருந்து விட்டீங்களா என்றுதான் கேட்கிறேன். சில நாள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் எடுத்து, “ரெண்டு கண்ணுக்கும் வுட்டாச்சு, நீ சாப்ட்டியா?” என்று சொல்கிறவரை நான் பிரஷைத் தொடுவதில்லை.